விருந்தாக வந்த வசனம்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த என் அண்ணன் மகன், இரவு குடும்ப ஜெபம் முடிந்து எல்லாரும் பாய் விரித்துக்கொண்டிருந்த வேளையில், கையிலிருந்த வேதபுத்தகத்தை மூடாமலே என்னைப் பார்த்துக் கேட்டான்: "சித்தப்பா, கோவிச்சுக்காதீங்க. இத தேவனுடைய வார்த்தைன்னு சொல்லுதோம். ஆனா எழுதினது, மொழிபெயர்த்தது, திருத்தினது, அச்சடிச்சது எல்லாமே மனுஷங்கதானே? தமிழ்லயே எத்தனை தடவ மாத்தியிருக்காங்க! இதுல எந்த வார்த்தைய தேவனுடையதுன்னு எடுத்துக்கிட?"

கேட்டவனிடத்தில் துடுக்கு இல்லை; வருத்தம் இருந்தது. சிறுவயது முதல் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கி வளர்ந்த பிள்ளை, இப்போது வெளியூரில் நாலு பேரோடு பழகி, நாலு புத்தகங்களைப் படித்து, தன் வீட்டின் அஸ்திவாரக் கல்லைத் தானே குனிந்து தொட்டுப் பார்க்கிறான் என்று எனக்குப் பட்டது. "காலையில பேசுவோம்டே" என்றேன். காலையில் அவனுக்கு ரயில் இருந்தது. சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனும் இதை வாசிப்பான் என்று நினைக்கிறேன்.

அவன் சொன்னது உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ் வேதாகமத்தின் வரலாறு தெரிந்த எவரும் அது வானத்திலிருந்து கட்டுக் குலையாமல் இறங்கி வந்தது என்று சொல்லத் துணியமாட்டார். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் தேதி தரங்கம்பாடியில் கப்பலை விட்டிறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானிய வாலிபர், மணலில் விரலால் எழுத்துப் பழகும் சிறுபிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து அகர முதல எழுத்துகளைக் கற்று, 1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி, அதே ஆண்டின் இறுதியில் டேனிஷ் அதிகாரியின் கட்டளையால் கோட்டைச் சிறையில் சில மாதங்கள் அடைபட்டு, வெளியே வந்து மறுபடியும் அந்த வேலையைத் தொட்டு, 1711இல் முடித்தார். ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளைக் கொண்டு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரையில் வந்தவர், 1719இல், நாற்பது வயதுகூட நிரம்பாத நிலையில், மரித்துப்போனார். மீதியை முடித்தவர் சூல்ச்சு என்பவர்.

அதற்குப் பின் பப்ரிசியுஸ் வந்தார். வேப்பேரியில் இருந்துகொண்டு, முந்தியவர்களின் தமிழில் இருந்த கரடுமுரடுகளை வரி வரியாகச் செப்பனிட்டு, எழுதிய பகுதிகளைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் வாசித்துக் காட்டி, விளங்குகிறதா என்று விசாரித்துத் திருத்திய மனிதர் அவர். முழங்காலில் நின்றே மொழிபெயர்த்தார் என்று லுத்தரன் சபைகளில் பரம்பரையாகச் சொல்வதுண்டு. அவருடைய திருப்புதலைப் பொன்போல் போற்றி, நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் விடமாட்டோம் என்று பிடித்துக்கொண்டிருந்த சபைகள் உண்டு. இத்தனை சிரத்தையுள்ள அந்த மனிதர், பணவிஷயத்தில் சாமர்த்தியம் இல்லாமையால் கடனில் சிக்கி, முதிர்ந்த வயதில் சிறைக்கும் போனார். நான் இதை அவருடைய குறையாகச் சொல்லவில்லை. வசனம் எப்பேர்ப்பட்ட கைகள் வழியாக நம்மிடம் வந்தது என்று காட்டவே சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட என் மனத்தை நிறுத்துவது யாழ்ப்பாணத்தில் நடந்ததுதான். பேர்சிவல் பாதிரியார் அங்கே செய்த மொழிபெயர்ப்புக்கு உடனிருந்து உழைத்தவர், பின்னாளில் சைவத்தின் பெருங்காவலராக விளங்கிய ஆறுமுக நாவலர். அந்தப் புத்தகத்தைத் தம் வேதமாக ஏற்காத ஒரு மகாவித்துவான், அதன் வாக்கியங்களுக்கு இலக்கண சுத்தத்தையும் ஓட்டத்தையும் கொடுத்தார். அது 1850இல் சென்னையில் அச்சாயிற்று. பின்பு 1857இல் பவர் ஐயரும் அவரோடு ஒரு குழுவாரும் அமர்ந்து, பப்ரிசியுஸின் நடையை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பாளையங்கோட்டையில் இரேனியுஸ் ஐயர் செய்ததையும் யாழ்ப்பாணத்தார் செய்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஆண்டுக்கணக்காக விவாதித்து, 1871இல் வெளியிட்டதுதான் இன்று நம் வீடுகளில் பழைய திருப்புதல் என்று வழங்கி வருகிறது. இதற்குள் இறைவனைக் குறிக்கும் சொல்லே மாறிவிட்டது. சர்வேசுரன் என்றார்கள், பராபரன் என்றார்கள், தேவன் என்றார்கள். 1995இல் வந்த திருவிவிலியத்தில் கடவுள் என்று வாசிக்கிறோம்.

ஆகையால், தம்பி, எந்த வார்த்தை என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. இவ்வளவையும் அறிந்த பின்பும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சுவிசேஷம் வாசிக்கும்போது நான் ஏன் மற்றவர்களோடு எழுந்து நிற்கிறேன்? பழக்கத்தினாலா, பயத்தினாலா? இரண்டும் கொஞ்சம் கலந்திருந்த காலம் உண்டு. இப்போது நான் நிற்பதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் தெசலோனிக்கே பட்டணத்துக்குப் போக வேண்டும்.

மக்கெதோனியா மாகாணத்தின் தலைநகரமான அந்தத் துறைமுகப் பட்டணத்துக்குப் பவுல் வந்து சேர்ந்தபோது அவருடைய உடம்பில் பிலிப்பியில் வாங்கிய அடிகளின் காயம் ஆறியிருந்ததோ என்னவோ. ஜெப ஆலயத்தில் மூன்று ஓய்வுநாள்கள் பேசினார். பிறர் தலையில் பாரமாக விழக் கூடாதென்று இரவும் பகலும் தம் கைகளால் தொழில் செய்து பிழைத்தார். பிறகு கலகம் எழுந்தது. அவருக்கு இடம் கொடுத்த யாசோன் என்பவரை ஜனங்கள் அதிகாரிகளிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் ஜாமீன் கொடுத்து மீண்டார். பவுலையும் சீலாவையும் சகோதரர்கள் இரவோடு இரவாக ஊரைவிட்டு அனுப்பினார்கள். இவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த பழக்கம். சிறிது காலம் கழித்துக் கொரிந்துவிலிருந்து அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், அவர்கள் தம்மிடம் கேட்ட வசனத்தை மனிதருடைய வார்த்தையாக எண்ணாமல், அது மெய்யாகவே இருக்கிறபடி தேவனுடைய வார்த்தையாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்காகத் தாம் இடைவிடாமல் தேவனை ஸ்தோத்திரிப்பதாகப் பவுல் சொல்கிறார்.

அந்த மக்களைக் கொஞ்சம் நினைத்துப் பார். புதிய ஏற்பாடு என்ற புத்தகம் அப்போது இல்லை. பவுலின் நிருபங்களிலேயே இதுதான் முதலாவது என்று கருதுகிறவர்கள் உண்டு. அவர்கள் முன்னே இருந்தது தோல் உறை போட்ட, பொன் முலாம் பூசிய ஓரங்களுள்ள புத்தகம் அன்று. கூடாரத் தொழில் செய்கிற, அடிபட்ட தழும்புகளோடு வந்த, ஊரை விட்டுத் துரத்தப்படப் போகிற ஒரு மனிதனின் வாய். வார்த்தை மனித வாயிலிருந்துதான் வந்தது என்பது நமக்குத் தெரிவதைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வாயின் மூச்சுக்காற்று படும் தூரத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்தே ஏற்றார்கள். மனிதர் சொன்னதா, தேவன் சொன்னதா என்று இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி யாரும் அவர்களை நிர்ப்பந்திக்கவில்லை.

அந்த ஒரே வசனத்தில், பெறுதலைக் குறிக்கக் கிரேக்கத்தில் இரண்டு வினைகள் வருகின்றன என்று வேதசாஸ்திரம் படித்த நண்பர் ஒருவர் எனக்குக் காட்டினார். அன்றைக்கு முழுவதும் எனக்கு வேறு யோசனை ஓடவில்லை. முதலாவது 'பாராலம்பானோ': ஒருவர் கொடுப்பதை மற்றவர் கையில் வாங்குவது, தலைமுறையாக ஒப்புவிக்கப்பட்டதைப் பெற்றுக்கொள்வது. இரண்டாவது 'தெகொமாய்': வாசலுக்கு வந்தவரை உள்ளே அழைத்து இடங்கொடுப்பது. ஒரு சிறுபிள்ளையை என் நாமத்தில் ஏற்றுக்கொள்கிறவன் என்னை ஏற்றுக்கொள்கிறான் என்னும் கருத்தில் இயேசு பேசுமிடத்திலும் இதே வினைதான். தெசலோனிக்கேயர் முதலில் வாங்கினார்கள், பிறகு வரவேற்றார்கள். வாங்குவது காதின் வேலை. வரவேற்பதற்கு வீட்டில் இடம் ஒழிக்க வேண்டும், திண்ணையில் கிடப்பதை எடுத்து ஓரமாய் வைக்க வேண்டும், வந்தவர் எத்தனை நாள் தங்குவார் என்று கேட்காமல் உலையில் அரிசி கூட்டிப் போட வேண்டும். வந்தவர் மூத்தவரானால், நம் வீட்டு நடைமுறையில் தப்புக் கண்டால் நம்மைக் கண்டிக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

அந்த வசனம் இன்னொன்றும் சொல்கிறது: ஏற்றுக்கொள்ளப்பட்ட வார்த்தை விசுவாசிக்கிறவர்களுக்குள்ளே கிரியை செய்கிறதாம். நெல்லை வாங்கிக் குதிரில் போட்டு வைப்பது வேறு, நிலத்தில் விதைப்பது வேறு. விதைத்தவன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தன் இஷ்டத்துக்கு வளர்கிறது.

அப்படியானால் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டுமா? இந்த இடத்தில்தான் நம் சபைகளில் பலர் தவறு செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கேள்வி கேட்கிற பிள்ளையை விசுவாசத்தில் குறைந்தவனாகப் பார்த்து, ஜெபக்குறிப்பில் அவன் பெயரைச் சேர்த்துவிடுகிறார்கள். தெசலோனிக்கேயிலிருந்து தப்பிய பவுலும் சீலாவும் அடுத்துப் போன ஊர் பெரோயா. அவ்வூரார் வசனத்தை மனோவாஞ்சையோடு ஏற்று, சொல்லப்பட்ட காரியங்கள் அப்படித்தானா என்று நாள்தோறும் வேத எழுத்துகளை ஆராய்ந்து பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழாம் அதிகாரத்தில் லூக்கா எழுதுகிறார். அதற்காகவே அவர்களை நற்குணசாலிகள் என்று மெச்சவும் செய்கிறார். அங்கே 'ஏற்று' என்பதற்கு வரும் வினையும் அதே 'தெகொமாய்'தான். விருந்தாளியை வாசலில் நிறுத்தி வைத்து விசாரித்தவர்கள் அல்லர் பெரோயா ஊரார். உள்ளே உட்காரவைத்து, இலை போட்டு, பிறகு ஒவ்வொரு நாளும் அருகில் அமர்ந்து கேட்டார்கள்.

நம்முடைய பாஷை இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பெரிய சகாயம் செய்து வைத்திருக்கிறது. கேள் என்றால் செவிகொடு என்றும் பொருள், வினவு என்றும் பொருள். காதால் பெற்ற கல்வியைக் கேள்வி என்று பெயரிட்டு அதற்கென்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் ஒதுக்கினார். சந்தேகம் வந்தால் எழுப்புவதும் கேள்விதான். தெசலோனிக்கேயருக்குக் கிடைத்ததைப் பவுல் 'கேள்வியின் வசனம்' என்றே கிரேக்கத்தில் எழுதுகிறார். தம்பி அன்றிரவு என்னிடம் கேட்டபோது அவன் புத்தகத்தை மூடவில்லை, விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்திருந்தான் என்பது எனக்கு இப்போது பெரிய ஆறுதலாக இருக்கிறது.

வசனத்தை ஏற்காமல் விடுவது எப்படி இருக்கும் என்பதை வேதமே இரண்டு ராஜாக்களை வைத்துக் காட்டுகிறது. எருசலேம் தேவாலயத்தைப் பழுதுபார்க்கையில் அகப்பட்ட நியாயப்பிரமாண புஸ்தகத்தை வாசிக்கக் கேட்ட யோசியா ராஜா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். அவன் மகன் யோயாக்கீமுக்கு முன்பாக, எரேமியா சொல்லப் பாரூக்கு எழுதிய சுருளை வாசித்தார்கள். குளிர்காலம், ராஜாவுக்கு முன்னே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்க வாசிக்க, எழுத்தனின் சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போட்டான். சுருள் முழுவதும் தீரும் வரைக்கும் போட்டான். தகப்பன் துணியைக் கிழித்ததற்கும் மகன் சுருளை அறுத்ததற்கும் எபிரெயுவில் ஒரே வினைச்சொல்தான் ஆளப்படுகிறது. பிறகு எரேமியா வேறொரு சுருளை எடுத்துக் கொடுக்க, பாரூக்கு எரிந்ததையெல்லாம் திரும்ப எழுதினான்; இன்னும் அதிக வார்த்தைகளும் சேர்ந்தன.

நாம் யாரும் வேதத்தை நெருப்பில் போடுவதில்லை. அதன்மேல் வேறு பொருளைக்கூட வைக்கமாட்டோம். கீழே விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பெரியவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். ஆனால் கத்தி வேறு விதங்களிலும் வேலை செய்யும். டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஆராதனையில் தட்டில் பரப்பிய வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை நடுங்கும் விரல்களோடு எடுக்கிற ஜனங்களை நான் குறை சொல்லவில்லை; நானும் எடுத்திருக்கிறேன், அந்த ஒற்றை வசனம் ஒரு வருஷம் முழுவதும் என்னைத் தாங்கிய அனுபவமும் உண்டு. இருந்தாலும் அந்தத் தட்டில் ஆமோஸ் தீர்க்கதரிசி ஏழைகளை மிதிக்கிறவர்களைப் பார்த்துச் சொன்னது ஒரு நாளும் இருப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். உன்னைத் தலையாக்குவார் என்னும் வசனமும் ஆசீர்வாதத்தின் வசனமும் எடுத்தவர் கையில் சிரிக்கின்றன. மற்றவை புத்தகத்திலேயே தங்கிவிடுகின்றன. ஏற்றுக்கொள்ளுதல் என்று பவுல் சொன்னது முழு விருந்தாளியை. அவருடைய புன்னகையை மட்டும் உள்ளே அழைத்து அவரை வெளியே நிறுத்த முடியாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பிரசங்கமும் அல்ல, என் அம்மா.

இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வயற்காட்டுக்குப் போனவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு, உபதேசியார் வீட்டு அம்மா மாலைவேளைகளில் பெண்களுக்கு நடத்திய வகுப்பில், மண்ணெண்ணெய் விளக்கின் முன்னே, வேதபுத்தகத்தையே பாடப்புத்தகமாக வைத்து மறுபடியும் எழுத்துக் கூட்டப் பழகினாள். அதனால் கடைசி வரைக்கும் அவள் வேறு எதையும் வாசித்ததில்லை. செய்தித்தாளைக் கொடுத்தால் எழுத்து சின்னதாக இருக்கிறது என்பாள், அதைவிடச் சின்ன எழுத்தில் அச்சிட்ட ஆகமங்களை மணிக்கணக்கில் வாசிப்பாள். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, வலது கை ஆள்காட்டி விரலை வரியின்மேல் ஊன்றி, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டு வாசிப்பாள். அந்த விரல் நகர்ந்து நகர்ந்து, சங்கீதப் பக்கங்களின் இடது ஓரம் எண்ணெய் ஏறி, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்து எழுத்து தெரியும் அளவுக்கு மெலிந்துபோயிற்று.

அவளுடைய மூத்த மகன், என் அண்ணன், ஒரு விபத்தில் போய்விட்டான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஐயர் வீட்டுக்கு வந்து, ரோமர் எட்டாம் அதிகாரத்திலிருந்து, அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும் பொருளுள்ள பகுதியை வாசித்தார். நல்ல மனிதர், அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பல வாரங்கள் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. ஜெபநேரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், நாங்கள் வாசிப்போம். அவளுடைய விசுவாசம் முடிந்துவிட்டது என்றே நான் பயந்தேன்.

ஒரு நாள் ராத்திரி, "சங்கீதம் எண்பத்தெட்ட எடுல" என்றாள். அவளுக்குக் கண் மங்கியிருந்தது. எனக்கு அந்தச் சங்கீதம் பழக்கமில்லை. துக்கவீட்டில் யாரும் அதை வாசித்து நான் கேட்டதில்லை. வாசித்துக்கொண்டே போனேன். கூப்பிட்டும் பதில் வராதவன் ஒருவனின் புலம்பல் அது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் முடிவுக்குச் சற்று முன்னே ஒரு ஜன்னல் திறக்குமே, அதற்காகக் காத்துக்கொண்டே வாசித்தேன். திறக்கவில்லை. சிநேகிதரும் அகன்று, இருளோடு முடிந்துவிட்டது. எனக்கு மனம் தாங்காமல், ஆறுதலாக ஏதாவது இருக்கட்டும் என்று அடுத்த சங்கீதத்துக்குப் பக்கத்தைத் திருப்பினேன்.

"வேண்டாம்ல. அங்கனயே நிறுத்து" என்றாள்.

நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "பாத்தியா, அவருகிட்ட கேட்ட கேள்வியத்தான் அவரு பொஸ்தகத்துல எழுதி வைக்கச் சொல்லியிருக்காரு. மனுஷன்னா இத அழிச்சுருப்பான்."

மறுநாளிலிருந்து அவள் மறுபடியும் கை கழுவிவிட்டு உட்கார்ந்தாள்.

அந்தச் சங்கீதம் யாருடைய வார்த்தை என்று நான் பிறகு பலநாள் யோசித்தேன். முதல் சொல் முதல் கடைசிச் சொல் வரை அது மனிதன் தேவனை நோக்கிப் பேசியது. எஸ்ராகியனாகிய ஏமானின் பெயர் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. அதைத் தமிழாக்கியவர்களும் கடனும் சிறையும் சாவும் கண்ட மனிதர்கள். இரண்டாம் வகுப்போடு நின்று, பின்னே எழுத்துக் கூட்டிப் படித்த ஒருத்தி, தன் மகனைப் புதைத்துவிட்டு வந்து, அதை நம்பி உள்ளே விட்டாள். அது அவளுக்குள்ளே வேலை செய்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். பவுல் எழுதியது இதைத்தான் என்று எனக்குச் சொல்ல வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

தம்பி, ஆச்சியின் புத்தகம் தெற்கு அறை மர அலமாரியில், மேல் தட்டில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறது. கட்டு விட்டுப்போயிருக்கிறது, பார்த்து எடு. பொங்கலுக்கு வரும்போது எண்பத்தெட்டாம் சங்கீதத்தைத் திறந்து பார். ஓரத்தில் பென்சிலால், அவளுடைய கோணல் எழுத்தில், ஒரு தேதி மட்டும் எழுதியிருக்கும். அது உன் அப்பாவுடைய தேதி. அதற்குக் கீழே அவள் வேறொன்றும் எழுதவில்லை. இடம் அப்படியே இருக்கிறது.